லூர்துவின் பெயரில் வேலூரில் ஒரு ஸ்டால்

லூர்துவின் கடையைக் கெடுத்தவள் நான்.

கம்ப்யூட்டர் கெடுத்தது என்று அவள் நம்புகிறாள். சர்க்கார் கெடுத்தது என்று அவள் வீட்டுக்காரர் சொல்கிறார். கணக்கு எழுதுகிறவர் சரியில்லை என்று பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவே பேசியது. அவர்கள் மேல் பழியே இல்லை. நான்தான் கெடுத்தேன். தெரிந்து, வாயைத் திறந்து, பொய் சொல்லிக் கெடுத்தேன்.

உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது, அதனால்தான். தெரிந்தவர்கள் ஒருத்தரிடமும் என்னால் சொல்ல முடியவில்லை. நாக்கு நுனிவரை வருகிறது... திரும்பி உள்ளே போய்விடுகிறது.

என் பெயர் சரசு. கோபக்காரி. பஸ்ஸில் இடிக்கிறவனையும், தண்ணீர் லாரியிடம் வரிசையில் முந்துகிறவளையும் மூஞ்சிக்கு நேராகக் கேட்டுவிடுவேன். கோபக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, தெரியுமா? ஜனங்கள் நம்மைப் பொய் சொல்லத் தெரியாதவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கத்துகிறவளின் மனசில் கள்ளம் இருக்காதாம்! யார் சொன்னது? என்னைப் பாருங்கள்.

லூர்துவும் நானும் ஒரே தெரு. வேலை பார்த்ததும் ஒரே இடம். பீன்யாவில் சமையல் சாமான் செய்கிற ஒரு சின்ன ஃபேக்டரி. தேங்காய்த் துருவி, இடியாப்ப அச்சு, முறுக்குப் பிடி. எனக்கு செக்கிங் வேலை. துருவியின் கைப்பிடியைச் சுற்றிப் பார்க்கவேண்டும். அடியில் இருக்கிற ரப்பர் மேஜையைக் கவ்விப் பிடிக்கிறதா என்று அமுக்கிப் பார்க்கவேண்டும். சரியானதைப் பக்கத்தில் தள்ளுவேன். லூர்து அதை அட்டைப்பெட்டியில் போட்டு மூடுவாள்.

ஆஸ்டின் டவுனிலிருந்து பீன்யாவுக்குப் போவதென்றால் ஊரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் குறுக்கே வெட்டிக்கொண்டு போவது மாதிரி. மெஜஸ்டிக் வரைக்கும் ஒரு பஸ், அங்கே இறங்கி இன்னொரு பஸ். மற்றவர்கள் சலித்துக்கொள்வார்கள். எனக்கு அது தூரமாகத் தெரிந்ததே இல்லை. லூர்து பேசிக்கொண்டே வருவாள். கண்டக்டரிடம் கன்னடம், பக்கத்து சீட்டு பாயம்மாவிடம் உருது, என்னிடம் தமிழ். ஒரே கதையை மூன்று பேரிடம் மூன்று விதமாகச் சொல்லி மூன்று பேரையும் சிரிக்க வைப்பாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து 'உம்' கொட்டுவேன்.

நீ எங்கே நிம்மதியாக இருந்தாய் என்று என்னைக் கேட்டால், என் வீட்டைச் சொல்லமாட்டேன். அந்த பஸ் சீட்டைத்தான் சொல்வேன்.

சொல்லிவிட்டேன், பாருங்கள்! காரணம் அதுதான். இனி வருவதெல்லாம் விவரம்.

ஒரு வருஷம் ஃபேக்டரியில் பெயின்ட் சரியாகப் பிடிக்காத துருவிகள் ஒரு மூலை நிறையச் சேர்ந்துவிட்டன. துருவுவதில் குறையில்லை, மேலே மட்டும் கீறல். முதலாளி கன்னடக்காரர், நல்ல மனுஷன். "தகொண்டு ஹோகி" என்றார். எடுத்துக்கொண்டு போங்கள், விற்றபிறகு பணம் கொடுங்கள் என்றார். காட்பாடியில் லூர்துவின் சின்னம்மா இருந்தார். பக்கத்தில் வேலூரில் கோடைக்குப் பொருட்காட்சி போடுவார்கள் என்று அவர்தான் சொன்னார். லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

ஸ்டால் கேட்கப் போனால், முதல் கேள்வியே ஜிஎஸ்டி நம்பர்.

கர்நாடகாவிலிருந்து சரக்கு கொண்டுவந்து தமிழ்நாட்டில் விற்றால், எவ்வளவு சின்ன வியாபாரமானாலும் இங்கே பதிவு செய்து இங்கே வரி கட்டவேண்டுமாம். எனக்கு எரிந்தது. பெங்களூரில் எங்களைத் தமிழ்நாட்டுக்காரர்கள் என்பார்கள். இங்கே வந்தால் பெங்களூர்க்காரர்கள்! எங்களுக்கென்று ஊரே கிடையாதா? ஸ்டால் கொடுக்கிறவரிடம் கேட்டேவிட்டேன். அவர் பாவம், "நான் என்னம்மா பண்றது" என்று ஒரு ஏஜென்ட்டின் முகவரியைக் கொடுத்தார்.

தற்காலிகப் பதிவு என்றால் வரியை முன்னாலேயே கட்டவேண்டும், நிரந்தரப் பதிவு என்றால் விற்றபிறகு கட்டலாம் என்றார் ஏஜென்ட். கையில் காசில்லாதவர்கள் எதைக் கேட்போம்? நிரந்தரமே போடச் சொன்னோம். சில நாள் வியாபாரத்துக்கு நிரந்தரப் பதிவு! எங்களை மாதிரி ஆட்கள்தான் இப்படி மாட்டுவார்கள்.

என் ஆதாரும் பான் கார்டும் ஒத்துப்போகவில்லை. அதனால் பதிவு லூர்து பெயரில். விலாசம் சின்னம்மா வீடு. மொபைல் நம்பர் கேட்டார். லூர்துவின் போன் எப்போதும் அவள் பையன் கையில்தான், அவன் விளையாடிக்கொண்டே இருப்பான்.

"என் நம்பரப் போடுங்க. இவ மெசேஜெல்லாம் பாக்கமாட்டா" என்றேன் நான்.

"யூசர் நேம் என்ன வெக்கட்டும்?"

"குயின் லூர்துன்னு போடுங்க சார்" என்றாள் அவள்.

"இது கவர்மென்ட் விஷயம்மா."

"இன்னா சார், கவர்மென்ட்ல ராணிக்கு எடம் கெடயாதா?"

அவர் சிரித்துவிட்டு அப்படியே போட்டார். நாங்கள் எழுந்து வரும்போது சொன்னார்: "மாசாமாசம் கணக்கு போடணும்மா. ஒண்ணும் விக்காட்டியும் போடணும். விக்கலன்னு ஒரு மெசேஜ் தட்டினா போதும். வேணாம்னா பதிவ முறையா மூடிடுங்க. சும்மா மட்டும் விட்டுடாதீங்க."

"நான் பாத்துக்கறேன்" என்றேன்.

நான் பாத்துக்கறேன்! எத்தனை சுலபமாக வருகிறது அந்த வார்த்தை!

அந்த வேலூர் நாட்களை நினைத்தால் இன்றைக்கும் என் முகம் தானாகச் சிரிக்கிறது. அதுதான் எனக்குப் பெரிய தண்டனை என்று சில சமயம் தோன்றுகிறது. குற்றம் அங்கேதான் முளைத்தது. ஆனால் அந்த நாட்களை வெறுக்க என்னால் முடியவில்லையே!

வேலூர் வெயில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தகரக் கூரைக்கு அடியில் நின்றால் துருவியே கையைச் சுடும். ஒரு பக்கம் பெரிய அப்பளக் கடை, இன்னொரு பக்கம் ராட்டினம். ராட்டினம் கிளம்பினால் பெண்கள் கத்துவார்கள், அந்தச் சத்தத்துக்கு மேலே லூர்துவின் குரல் எழும்பும்.

"வாங்கண்ணி, வாங்க! அருவாமனயில குந்திக் குந்தி இடுப்பு போனது போதும்! தேங்கா உங்களுது, கையி உங்களுது, துருவறது மட்டும் நம்மளுது! அண்ணா, நீங்க ஏன் தள்ளி நிக்கிறீங்க? சட்னி துன்ன மட்டும் முன்னாடி வர்றீங்க இல்ல? தேங்கா துருவினா மீச கொட்டிடாது, வாங்க!"

அண்ணன்மார்கள் மீசையைத் தடவிக்கொண்டு வருவார்கள். ஒரு சுற்று சுற்றுவார்கள். வாங்கிவிடுவார்கள்.

எனக்கு அந்த வாய் கிடையாது. நான் பின்னால் நின்று தேங்காய் உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் லூர்து தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் ஒரு அம்மா துருவியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது மேல கீறல் இருக்குதே?"

"கீறல் இருக்கறதாலதான் இந்த வெல. கீறல் வேணாம்னா கடையில போய் ரெட்டிப்பு காசு குடுத்து வாங்குங்க. தேங்காய்க்கு என்ன தெரியும் கீறல்!"

அந்த அம்மா என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். தனக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று வாங்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்த லூர்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அடிப்பாவி! திட்டியே வித்துட்டியா?"

அன்றைக்குப் பிறகு அதுவே எங்கள் ஆட்டமாகிவிட்டது. அவள் தாலாட்டிக் கூப்பிடுவாள், நான் திட்டுவேன். "ஏய் சரசு, பொறுமையா பேசுடி, கிராக்கி ஓடிடும்" என்பாள். "ஓடினா ஓடட்டும், நாலு எட்டு வெச்சா தெரியும் வெயிலு" என்பேன். எங்கள் சண்டையைப் பார்க்கவே கூட்டம் கூடும். என் கோபத்தை அதற்கு முன்னால் யாரும் ரசித்ததில்லை. என் புருஷன் ரசித்ததில்லை. என்னைப் பெற்றவர்கள் ரசித்ததில்லை. அது ஒரு குறை, அடக்கிக்கொள்ளவேண்டிய ஒன்று என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் பக்கத்தில் நின்றபோது மட்டும் அது ஒரு திறமையாக இருந்தது.

துருவிக் காட்டிய தேங்காயெல்லாம் சின்னம்மா வீட்டுக்குப் போகும். தேங்காய் சாதம், தேங்காய் பர்பி, மூன்று வேளையும் தேங்காய் சட்னி. அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தோம். கடைசியில் எதிர்வீட்டு அம்மா எங்களைத் தெருமுனையில் பார்த்தாலே கதவைச் சாத்த ஆரம்பித்தாள். சின்னம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்...

பொருட்காட்சி முடிந்தது. அந்த மாதத்துக்கான வரியை ஏஜென்ட் மூலமாக ஒழுங்காகக் கட்டினோம். பெங்களூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் வந்து இறங்கும்போது, "அடுத்த வருசமும் போறோம்டி" என்றாள் லூர்து.

போறோம் என்றேன்.

அடுத்த மாதம் என் போனில் மெசேஜ் வந்தது. கணக்கு போடு. அதற்கடுத்த மாதமும் வந்தது. எனக்குக் கோபம். சம்பாதிக்காத மாசத்துக்கு என்ன கணக்கு? கொஞ்ச நாள் வந்து விற்றேன், வரி கட்டினேன், வீட்டுக்குப் போய்விட்டேன். இனிமேல் ஆயுசு முழுக்க மாசாமாசம் 'நான் சம்பாதிக்கவில்லை, சம்பாதிக்கவில்லை' என்று இன்னொரு ராஜ்ஜியத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டுமா? முடியாது போ!

கோபம் மட்டும்தானா என்று கேட்கிறீர்களா? கேளுங்கள். கேட்கவேண்டியதுதான்.

அப்படியென்றால் பதிவை மூடியிருக்கலாமே! அதையும் செய்யவில்லை. மூடினால் அடுத்த வருஷம் வேலூர் கிடையாது என்று மனசில் ஒரு எண்ணம். அந்தப் பதிவு உயிரோடு இருக்கும்வரை ஸ்டால் இருக்கிறது, ராட்டினம் இருக்கிறது, நாங்கள் ரெண்டு பேரும் இருக்கிறோம். மூடவும் மனசில்லை, மெசேஜ் தட்டவும் கை வணங்கவில்லை. அப்படியே விட்டேன்.

ஒருநாள் பஸ்ஸில் லூர்து சாதாரணமாகக் கேட்டாள். "அந்த ஜிஎஸ்டி பேஜார் முடிஞ்சுதாடி?"

"அப்பவே முடிச்சாச்சு" என்றேன்.

அது முதல் பொய். சின்னப் பொய். எல்லாரும் சொல்லுகிற பொய். அதோடு நின்றிருந்தால் இதை நான் சொல்லிக்கொண்டிருக்கமாட்டேன்.

அடுத்த கோடை வருவதற்குள் முதலாளி லூர்துவைக் கூப்பிட்டார். ஆஸ்டின் டவுன் பக்கம் எங்கள் சரக்கை எடுத்து விற்க ஒரு டீலர் தேவைப்பட்டது. வேலூரில் அவள் விற்ற வேகம் அவர் காதுக்கும் போயிருந்தது. சரக்கை முதலில் கொடுப்பதாகவும், மார்க்கெட் பக்கத்தில் சின்னதாக ஒரு கடை பார்த்துக்கொள்ளும்படியும் சொன்னார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஜிஎஸ்டி மாடிஸ்கொண்டு பா." ஜிஎஸ்டி பதிவு எடுத்துக்கொண்டு வா என்றார்.

லூர்து அன்றைக்கு பஸ்ஸில் பேசவே இல்லை. அதிசயமாக நான்தான் பேசினேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரசு, இனிமே இந்த பஸ்ஸு கெடயாதுடி எனக்கு! வீட்டுலருந்து நடந்தே கடைக்குப் போவேன்! நெனச்சுப் பாரு!"

நினைத்துப் பார்த்தேன்.

எங்கள் தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளிக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவர் ஒருத்தர் இருந்தார். ஆடிட்டர் இல்லை, ஆனால் நாங்கள் ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுவோம். லூர்து என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவர் அவள் பான் நம்பரைத் தட்டினார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"உங்க பேர்ல தமிழ்நாட்டுல ஒரு பதிவு இருக்குதும்மா. மாசக் கணக்கே போடல. அவங்களே கேன்சல் பண்ணிட்டாங்க. அத செட்டில் பண்ணாம இங்க புதுசு குடுக்கமாட்டாங்க."

லூர்து என் பக்கம் திரும்பினாள். "நம்ம வேலூர் ஸ்டாலு! முடிச்சிட்டேன்னியேடி?"

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, அதைச் சொல்லிவிடவேண்டும். பதிலுக்காகத்தான் கேட்டாள். நான் ஏதாவது ஒன்று சொன்னால் அதை நம்புவதற்காகக் கேட்டாள்.

"முடிச்சாச்சு! அந்த ஏஜென்ட்கிட்ட சொல்லி முடிச்சேன். அவன் ஏமாத்திருப்பான். இல்லன்னா கம்ப்யூட்டர் கோளாறு!"

"பரவால்லம்மா, பெரிய விஷயம் இல்ல" என்றார் அவர். "யூசர் நேம் ஞாபகம் இருக்குதா? உள்ள போயிட்டா பழைய கணக்கெல்லாம் போட்டு, அபராதத்தக் கட்டி, ஒரு வாரத்துல முடிச்சிடலாம்."

"குயின் லூர்து!" என்றாள் அவள், பெருமையாக.

அவர் தட்டினார். "பாஸ்வேர்ட மாத்தறதுக்கு, பதிவுல இருக்கற மொபைலுக்கு ஒரு ஓடிபி நம்பர் அனுப்பியிருக்காங்க. அத சொல்லுங்க."

என் மடியில் இருந்த கைப்பைக்குள் போன் அதிர்ந்தது.

சத்தத்தை அடக்கி வைத்திருந்தேன். அதிர்வு மட்டும். தொடையில் பட்டது. எனக்கு மட்டும் தெரிந்தது. எடுத்து நீட்டினால் ஒரு நிமிஷ வேலை. 'சாரி லூர்து, நான் மூடல, பொய் சொல்லிட்டேன்' என்று சொன்னால் அவள் ரெண்டு திட்டு திட்டுவாள், தலையில் ஒரு குட்டு வைப்பாள், அதோடு தீர்ந்திருக்கும். அவளைப் பற்றி எனக்குத் தெரியும். அப்படித்தான் தீர்ந்திருக்கும்!

"யாரு நம்பர் குடுத்தோம்? உன்னோடதா?" லூர்து கேட்டாள்.

"இல்ல. அந்த ஏஜென்ட் அவன் நம்பரப் போட்டுக்கிட்டான். நான் அப்பவே கேட்டேன், நீ கவனிக்கல" என்றேன்.

இதுதான் ரெண்டாவது பொய். இதை நான் பயத்தில் சொன்னேனா? வெட்கத்திலா? ஆயிரம் தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். முதலில் வெட்கம்தான், உண்மை. ஆனால் வாயைத் திறக்கிற அந்த நேரத்துக்குள் அவள் கடைக்கு நடந்து போவது எனக்குத் தெரிந்தது. நான் மெஜஸ்டிக் பஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. தெரிந்தபிறகுதான் சொன்னேன்.

அதோடு நிற்கவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து நின்று கத்தினேன். "ஏழைங்கன்னா உங்களுக்கெல்லாம் எளக்காரமா? இங்க ஒரு பேச்சு, அங்க ஒரு பேச்சு! கஷ்டப்பட்டு ஒருத்தி முன்னுக்கு வந்தா நூறு நம்பர் கேப்பீங்க!" தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். லூர்து என் தோளைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள்.

"உடுடி, அவரு இன்னா பண்ணுவாரு... நீ டென்ஷன் ஆவாத" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

எனக்கு!

"உன் பேர்ல எடுக்கலாமா?" என்று வழியில் கேட்டாள். என் பான் கார்டு தகராறு தீரவில்லை என்றேன். அது மட்டும் உண்மை. அவள் வீட்டுக்காரர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர், அவர் பெயரில் வியாபாரம் வைக்கக்கூடாது. பையன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவன். வேறு பெயர் இல்லை.

மொபைல் நம்பரை மாற்ற வேலூர் ஜிஎஸ்டி ஆபீசுக்கு நேரில் போய் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். லூர்து கிளம்பினாள். நானும் கூடப் போனேன். இனி சொல்லப்போவதுதான் எல்லாவற்றையும்விட அசிங்கம். கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பயணத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

மறுபடியும் அதே ரயில். அவள் கட்டிக்கொண்டு வந்த சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். குப்பம் தாண்டியதும் அவள் ஸ்டால் கதையை எடுத்தாள். மீசைக்காரர்களை மாதிரி நடித்துக் காட்டினாள். எதிரே உட்கார்ந்திருந்த குடும்பம் சிரித்தது. "இவதான் திட்டியே விக்கறவ" என்று என்னைக் காட்டினாள். நான் அவர்களை ஒரு திட்டு திட்டினேன், இன்னும் சிரித்தார்கள். அவள் வேலையைத் தீர்க்கக்கூடிய போனை மடியில் வைத்துக்கொண்டு நான் சிரித்துக்கொண்டு வந்தேன்! இந்த ரயில் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போகக்கூடாதா என்று நினைத்தேன்...

என்ன ஜென்மம் நான்?

முதலில் ஏஜென்ட்டைத் தேடிப் போனோம், அவர் இடம் பூட்டிக் கிடந்தது. ஆபீசில் மரியாதையாகத்தான் பேசினார்கள். பதிவு செய்த விலாசத்துக்கான அத்தாட்சி கேட்டார்கள். சின்னம்மா அதற்குள் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு கோயம்புத்தூர் போயிருந்தார். கரண்ட் பில் வேறு யாருக்கோ மாறியிருந்தது. அதை வாங்கி, இதை வாங்கி, திரும்ப வரச் சொன்னார்கள். லூர்து வாசல் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்படிச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

முதலாளி எவ்வளவு நாள் காத்திருப்பார்? அவரும் வியாபாரிதானே. வேறு ஒருத்தருக்குக் கொடுத்தார். மார்க்கெட் பக்கம் பார்த்துவைத்த கடையில் ஒரு மொபைல் ரிப்பேர்க்காரன் வந்து உட்கார்ந்தான். காலையில் பஸ் ஸ்டாப்புக்குப் போகும்போது அந்தக் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும். லூர்து அந்த இடம் வந்ததும் எதிர்ப்பக்கம் பார்ப்பாள்.

பஸ் எனக்குக் கிடைத்தது. ஆனால் எந்த பஸ்? அவள் பேசுவது குறைந்துவிட்டது. கண்டக்டரிடம் சில்லறை கேட்பதோடு சரி. நான் 'உம்' கொட்டத் தயாராக உட்கார்ந்திருப்பேன், அதற்கு ஒன்றும் இருக்காது. சில மாதத்தில் அவள் வொயிட்ஃபீல்டில் ஒரு பெரிய கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வேன் வந்து தெருமுனையில் ஏற்றிக்கொண்டு போகும். பீன்யாவுக்கு இப்போது நான் மெட்ரோவில் போகிறேன். தனியாக.

அவள் போனபிறகு என்னால் தாங்க முடியவில்லை. பீன்யாவுக்குப் பக்கத்தில் தாசரஹள்ளியில் என்னைத் தெரியாத ஒரு கணக்குக்காரரிடம் போனேன். குயின் லூர்து என்று சொன்னேன். நம்பர் என் போனுக்கு வந்தது. சொன்னேன். பழைய கணக்கையெல்லாம் போட்டார். அபராதத்தை என் காசில் கட்டினேன். கடைசிக் கணக்கும் போட்டு முடித்தார். "ஆய்த்து மேடம், இன்னு ஏனூ தொந்தரே இல்லா" என்றார். இனி ஒரு தொந்தரவும் இல்லையாம்.

அவ்வளவு சுலபம்! அவ்வளவு சுலபமாக முடிகிற விஷயம் அது!

இப்போது லூர்துவின் பெயர் சுத்தம். நாளைக்கே கடை போடலாம். ஆனால் அது அவளுக்குத் தெரியாது. தெரியவேண்டுமென்றால் நான் சொல்லவேண்டும். சொன்னால் எப்படி முடித்தாய் என்று கேட்பாள். நம்பர் உன்னிடம் எப்படி வந்தது என்று கேட்பாள். அப்புறம் அந்த ரயில், அந்த சப்பாத்தி, அந்தப் படிக்கட்டு... எல்லாம் அவளுக்குப் புரிந்துவிடும். நல்லதைச் செய்துவிட்டு அதைச் சொல்ல முடியாமல் பூட்டி வைத்திருக்கிறேன். அது நல்லதா? யாருக்கு?

போன மாதம் அவள் தம்பி மகளுக்கு நிச்சயம். காக்ஸ் டவுனில் சர்ச் ஹால். என்னைக் கூப்பிட்டாள், போனேன். சாப்பாட்டுப் பந்தியில் லூர்து பழையபடி ஆகிவிட்டாள். பிரியாணிக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, "வாங்கண்ணா, மாப்ள வீட்டுக்காரங்கன்னா கூச்சப்படணும்னு சட்டமா? பீஸு உங்களப் பாத்து ஏங்குது பாருங்க!" என்று ஆரம்பித்தாள். பந்தியே குலுங்கியது. எத்தனை நாளாயிற்று அந்தக் குரலைக் கேட்டு! நான் இலையில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெண்ணின் தாய்மாமன் ஒருத்தர், அந்தப் பக்கமே கடை வைத்திருக்கிறவர், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா, இந்த வாயி வெச்சிக்கிட்டு நீங்க ஆபீஸ் பெருக்கறீங்களா? மார்க்கெட்ல என் கட ஒண்ணு சும்மா பூட்டிக் கெடக்குது. பாத்திர வியாபாரம் போடுங்க. அட்வான்ஸு அப்புறம் பாத்துக்கலாம். நெஜமாதான் சொல்றேன்."

லூர்துவின் கரண்டி நின்றது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவள் முகம் மாறியது. பிறகு சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள்.

"எம்பேர்ல ஆவாது தம்பி. வேலூர்ல கம்ப்யூட்டரு எம்பேரக் கெடுத்து வெச்சிருக்குது. எவ்ளோ அலஞ்சோம் தெரியுமா? இவதான் எனக்காக ஆடிட்டரோட ரோட்டுல நின்னு சண்ட போட்டவ. கேளுங்க இவள." என் பக்கம் கரண்டியை நீட்டினாள். "சொல்லுடி சரசு, நம்ம பேருல ஆவாதுல்ல?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த மனுஷர் காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள்.

"ஆமா, ஆவாது" என்றேன்.